பூசை மாடத்து ஃபியூஸ் கட்டை

ரேணுகாம்பாள் வீட்டின் பின்பகுதிக்குரிய மின்சாரம் காலை பத்து மணிக்குப் பூசை மாடத்துக்குப் போய்விடும். மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பி வரும்.

செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில் இருந்தது அந்த வீடு. முன்பகுதியில் ரேணுகாம்பாள் தனியே இருந்தாள். பின்பகுதியை வாடகைக்கு விட்டிருந்தாள். நடையின் சுவரில் பதித்த மரப்பலகையில் மூன்று வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தன. முதலாவது அவளுடைய பகுதிக்கு. இரண்டாவது குடித்தனக்காரர் பகுதிக்கு. மூன்றாவது கொல்லையில் தண்ணீர்த் தொட்டியருகே இருந்த மோட்டாருக்கு. நாள்தோறும் காலையில் குடித்தனக்காரன் சைக்கிளை மிதித்துத் தெருமுனையைத் திரும்பியதும், அவள் இரண்டாவது கட்டையைப் பிடுங்கிச் சென்று, குங்குமக் கிண்ணத்துக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவே வைத்துவிடுவாள். மாலை விளக்கேற்றியபின் அதை எடுத்துவந்து மறுபடி செருகுவாள்.

"சூரியன் இருக்கும்போது கரண்டு எதுக்கு?" என்பது அவளுடைய வாதம். அந்த வாதத்துக்கு மறுமொழி சொன்ன முந்திய குடித்தனக்காரர்கள் இருவர் அந்த மாதமே வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது.

இப்போது குடியிருந்தவன் முருகவேல். வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பணியில் இருக்கும்போதே தந்தை இறந்துபோனதால் கருணை அடிப்படையில் அவனுக்குக் கிடைத்த வேலை அது. இரண்டாண்டுத் தகுதிகாண் பருவம், இரண்டாயிரத்தொன்றாம் ஆண்டு ஜூன் முப்பதாம் நாளுடன் முடிய இருந்தது. அதற்குள் அவன்மேல் ஒரு புகாரோ, காவல்நிலையத்தில் ஒரு வரியோ பதிவாகிவிட்டால் வேலை நிலைக்காது. வேலை போனால் அவனுக்கு வேறு போக்கிடமும் கிடையாது. வாரத்தில் இரண்டு தடவையாவது மனைவி கீதாஞ்சலியிடம் அவன் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

"ஜூன் முப்பது வரைக்கும் யாரோடயும் வாய் குடுக்காத கீதா. அதுக்கப்புறம் நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாது."

கீதாஞ்சலி பிரசவத்துக்காகப் போளூரில் தாய்வீட்டுக்குப் போயிருந்து, மூன்று மாதப் பெண்குழந்தையோடு பங்குனியில் திரும்பிவந்தாள். அந்த ஆண்டு வெயில் பங்குனியிலேயே கொளுத்தத் தொடங்கிவிட்டது. மலையின் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ஊரின்மேல் திருப்பிக் கொட்டியது. காற்றுப் புகாத பின்கட்டு அறையில் குழந்தை சினேகாவின் முதுகிலும் கழுத்து மடிப்பிலும் சிவந்த கொப்புளங்கள் கிளம்பின. கீதாஞ்சலி மூன்று நாள் பொறுத்தாள். நான்காம் நாள் நடைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, குழந்தைக்கு உடம்பெல்லாம் கொப்புளமா இருக்குங்க. பகல்ல ஃபேன் மட்டும் போட்டுக்கறேனே."

"என் வயித்துல மூணு பொறந்துது. மூணும் பனைவிசிறிலதான் வளந்துது. ஒண்ணு கொதிச்சா போச்சு?"

"வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்களே."

"வெயில் உனக்கு மட்டுமா அடிக்குது? ஃபேன் காத்து பச்சக் குழந்தைக்கு ஆகாது. மூச்சு முட்டும். வாடகைக்கு வர்றப்பவே ஆயிரம் தடவ சொன்னேனே, பத்துலேருந்து ஆறு வரைக்கும் கரண்டு கிடையாதுன்னு. உன் வீட்டுக்காரன் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டிட்டுதானே சாவிய வாங்கினான்?"

அன்று மாலை கீதாஞ்சலி இதைச் சொல்லி அழுதபோது, முருகவேல் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பேனாவும் டெஸ்டரும் அவன் பையில் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அலுவலகத்தில் மின்விசிறி நின்றாலும் மணி அடிக்காவிட்டாலும், எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே முருகவேல் நாற்காலிமேல் ஏறிவிடுவான். அந்த வேலையை அவன் எவரிடமும் கற்றுக்கொண்டதில்லை. அப்படிக் கற்காததையே பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அவனுடைய சமையலறையின் பின்சுவருக்கு அந்தப் புறம்தான் மோட்டாரின் சுவிட்ச் பெட்டி இருந்தது. மோட்டாருக்குரிய மூன்றாவது ஃபியூஸை ரேணுகாம்பாள் பகலில் பிடுங்குவதில்லை. பிரதோஷத்தன்று அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், முருகவேல் அரை நாள் விடுப்பில் வந்து ஓர் உளியால் சுவரைத் துளைத்தான். பெட்டிக்குள் மின்சாரம் வந்துசேரும் முனையில் ஒரு கம்பியை முறுக்கி, மருந்துக்கடைப் பிளாஸ்திரியைச் சுற்றினான். கம்பியின் மறுமுனையைத் துளைவழியே சமையலறைக்குள் இழுத்து, அதன் தோலை இரண்டங்குலம் பல்லால் உரித்து, அங்கிருந்த, தனிச் சுவிட்ச் இல்லாத பழைய பிளக்கின் ஒரு துளையில் நுழைத்தான். அது நழுவாதிருக்க ஒரு தீக்குச்சியை முளைபோலப் பக்கத்தில் அழுத்திச் செருகினான். பூசை மாடத்தில் ஃபியூஸ் கட்டை அமைதியாகக் குங்குமத்தின் பக்கத்தில் கிடக்க, பின்கட்டில் மின்விசிறி சுழன்றது.

"ஒரே ஒரு கம்பி கீதா! கவர்மெண்டு எலக்ட்ரீஷியனா இருந்தா இதுக்கு ஒரு நாள் முழுக்க எடுத்திருப்பான்."

"ஒண்ணும் ஆயிடாதே?"

"என்ன ஆகும்? தண்ணி மேல்தொட்டிலேருந்து கீழ்த்தொட்டிக்கு வர்ற மாதிரி, அந்தப் பக்கத்துக் கரண்டு இந்தப் பக்கம் வருது. அவ்ளோதான். காலைல அந்தம்மா புடுங்கினதும் நீ செருகு. சாயந்திரம் அவங்க போட்டதும் நீ எடுத்துடு. ஜன்னலச் சாத்தியே வெச்சிரு."

மின்சாரம் மேலிருந்து கீழே ஓடும் தண்ணீர் அன்று. இரண்டு பாதைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டால், அது எந்தப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்தப் பக்கமிருந்து மற்றப் பக்கத்துக்குப் போகும். இரண்டாவது ஃபியூஸைப் பிடுங்கினால் மூன்றாவதன்வழியே அவனுடைய பகுதிக்கு வருவதுபோல், மூன்றாவதைப் பிடுங்கினால் இரண்டாவதன்வழியே மோட்டாருக்கும் போகும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒரு தாளில் வரைந்து பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி இது. முருகவேல் வரைந்து பார்க்கவில்லை.

கம்பியைப் பற்றி அவர்கள் இருவரையும் தவிர அறிந்தவள் பாஞ்சாலை ஒருத்திதான். அவள் அந்தத் தெருவில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, தொட்டி கழுவி, துணி துவைப்பவள். காலையில் ரேணுகாம்பாள் வீட்டு வேலை முடிந்ததும் பின்கட்டுக்கு வந்து, கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். அதற்கு அவளை எவரும் அழைக்கவில்லை. அவளாக ஏற்றுக்கொண்ட வேலை அது. ஒருநாள் குழந்தைக்கு வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குள் நுழைந்தவள், பிளக்கில் தொங்கிய கம்பியையும் தலைக்குமேல் சுழன்ற மின்விசிறியையும் மாறிமாறிப் பார்த்தாள். கீதாஞ்சலியின் முகம் வெளுத்துப்போயிற்று.

"நான் ஒண்ணியும் பாக்கல கண்ணு. எனக்குக் கண்ணே தெரியாது" என்று பாஞ்சாலை சிரித்தாள். "அந்தம்மா சாமிகிட்ட வெச்சிப் பூட்டிச்சி, உம்புருசன் சாமிக்கே டிமிக்கி குடுத்துட்டாரு பாரு. கொழந்த நல்லாத் தூங்கட்டும். என் வாயிலேருந்து ஒரு சொல்லு வராது."

அவள் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சித்திரைப் பௌர்ணமி திங்கட்கிழமை வந்தது. மலையைச் சுற்றிவர லட்சக்கணக்கானவர்கள் வரும் நாள் அது. ரேணுகாம்பாள் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கொல்லைக் குளியலறையை வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிடுவாள். அதற்கு முந்தின நாள் தொட்டியைக் கழுவி நிரப்புவது வழக்கம். தொட்டியோ தரைக்குக் கீழே ஆளுயர ஆழம். அதற்குள் மோட்டாரின் இரும்புக் குழாய் இறங்கியிருந்தது. மோட்டாரின் சுவிட்ச் பெட்டிக்கு வரும் கம்பியின் தோலை அணில் கடித்துத் தின்றிருந்தது. அந்த இடம் குழாயை ஒட்டியே கிடந்ததால், ஈரக்கையோடு குழாயைத் தொட்டவர்களுக்குச் சுருக்கென்று அடிக்கும். கம்பியை மாற்றச் சொல்லிப் பாஞ்சாலை இரண்டு வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "தொடாம இரேன். தொட்டி கழுவும்போது ஃபியூஸப் புடுங்கிடறேன்ல" என்பதே ரேணுகாம்பாளின் பதில். அவள் சொன்னபடி ஒருமுறையும் தவறியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, பாஞ்சாலை மேலே ஏறிவரும்வரையில் தொட்டியின் விளிம்பில் நிற்பாள்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ரேணுகாம்பாள் பின்கட்டின் ஃபியூஸைத் திருப்பிச் செருகினாள். கீதாஞ்சலி கம்பியை எடுக்கப் போனாள். தீக்குச்சி துளைக்குள்ளேயே முறிந்து, கம்பி இறுகிக்கொண்டது.

"ஏங்க, வரமாட்டேங்குதுங்க."

முருகவேல் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கட்டும் விடு. நாளைக்கு மறுபடி செருகத்தானே போற? ரெண்டு பக்கமும் கரண்டு இருந்தா ஒண்ணும் ஆகாது."

"நாளைக்குத் தொட்டி கழுவறாங்கன்னு பாஞ்சாலையம்மா சொல்லிட்டிருந்தாங்க."

"கழுவட்டும். அதுக்கும் நமக்கும் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள். முருகவேல் சமையலறையில் நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தான். சுவரின் துளைவழியே கொல்லைப் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"எம்மா, ஃபீஸு புடுங்கிட்டியா?"

"தோ பாருடி, என் கையில இருக்கு. கண்ணு தெரியலயா? எறங்கு."

"கண்ணு தெரியாதுன்னுதான் ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்" என்று பாஞ்சாலை சிரிக்கும் ஓசையும், அவள் தண்ணீருக்குள் கால்வைக்கும் ஓசையும் கேட்டன. துளைக்கு இந்தப் புறம் நின்ற கீதாஞ்சலியும் புன்னகை செய்தாள். பிறகு தென்னந்துடைப்பத்தால் சிமெண்டுச் சுவரைத் தேய்க்கும் சத்தம் சிறிது நேரம் ஒரே சீராக வந்தது. அது நின்றது. ஒரு வாளி உருண்டது.

"ஏண்டி ஆடற? பாஞ்சால... ஏய் பாஞ்சால! ஏண்டி கொழாயப் புடிச்சிக்கிட்டு இப்படி ஆடற?"

முருகவேலின் கையிலிருந்து காபித் தம்ளர் விழுந்தது. பிளக்கைப் பார்த்தான்; கம்பியைப் பார்த்தான்; கம்பி போய் மறையும் துளையைப் பார்த்தான். வரைந்து பார்க்காத படம் அந்த நொடியில் அவன் மனத்துக்குள் முழுவதுமாக வரையப்பட்டுவிட்டது.

கீதாஞ்சலிக்கும் விளங்கிவிட்டது. "ஐயோ, கத்துங்க! நம்ம ஃபியூஸப் புடுங்கச் சொல்லுங்க! அம்...!"

அந்தக் கடைசிச் சொல் முழுமையாக வெளிவருமுன் அவன் அவள் வாயைப் பொத்தினான். இடக்கையால் அவள் முகத்தைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு, வலக்கையால் கம்பியைப் பற்றி இழுத்தான். வரவில்லை. முறிந்த தீக்குச்சி உள்ளே இறுகிக் கிடந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால், நடையில் இருந்த கட்டையை ரேணுகாம்பாளே சில நொடியில் பிடுங்கியிருப்பாள்; அவனே ஓடியும் பிடுங்கியிருக்கலாம். அப்படிச் செய்தவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்பார்கள். பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தீக்குச்சியை நெம்பினான். கீதாஞ்சலி அவன் உள்ளங்கையைக் கடித்தாள். அவன் கையை எடுக்கவில்லை. நெம்பினான், மறுபடி நெம்பினான். குச்சி வெளியே தெறிக்கும்போது, கொல்லையில் ரேணுகாம்பாள் நான்காவது தடவையாகப் பாஞ்சாலையின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள்.

கம்பி வந்துவிட்டது. "வாயத் தொறந்தா நாம மூணு பேரும் தெருவுல நிக்கணும்" என்று மனைவியின் காதருகே சொல்லிவிட்டு அவன் கொல்லைக்கு ஓடினான்.

பாஞ்சாலை தொட்டிக்குள் சுவரில் சாய்ந்தபடி இடுப்பளவு தண்ணீரில் சரிந்துகிடந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன, தாடை இறுகியிருந்தது. ரேணுகாம்பாள் விளிம்பில் நின்று, கையிலிருந்த ஃபியூஸ் கட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஃபியூஸ் என் கையிலதான்பா இருக்கு! கரண்டு இல்லவே இல்ல! இவ இன்னா இப்படிக் கெடக்கறா?"

முருகவேல் தொட்டிக்குள் இறங்கவில்லை. அவன் கண் சுவிட்ச் பெட்டியில் இருந்தது. பெட்டியிலிருந்து கிளம்பிச் சுவர்த் துளைக்குள் நுழைந்த, இத்தனை நாள் எவரும் உற்றுப் பாராதிருந்த கம்பி, வெட்டவெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரியும்படி கிடந்தது.

"வலிப்பும்மா. வலிப்பேதான். எங்க சித்தப்பாவுக்கு இப்படித்தான் வரும். இரும்ப எதாவது கையில குடுக்கணும். சாவி இருக்கா? ஓடுங்க!"

ரேணுகாம்பாளின் இடுப்பிலேயே சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கை அதைத் தொட்டது. பீரோச் சாவியும் அதில்தான் கோத்திருந்தது. ஒரு கணம் தயங்கி, வாசற்கதவுப் பூட்டின் பழைய சாவியை எடுத்துவர உள்ளே ஓடினாள். அவள் அலமாரியில் அதைத் தேடித் துழாவிய நேரம் முருகவேலுக்குப் போதுமானதாக இருந்தது. பிளாஸ்திரியைப் பிய்த்துக் கம்பியை உருவினான். சுருட்டி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான். பெட்டியின் மூடியைச் சாத்தினான். அதன்பிறகுதான் தொட்டிக்குள் குதித்து அவளைத் தாங்கினான். அவளுடைய மூக்கருகே விரலை வைத்தபோது, காற்று வந்ததுபோலும் இருந்தது, வராததுபோலும் இருந்தது.

எதிர்வீட்டு ஆட்டோக்காரன் பாலாஜி கூச்சல் கேட்டு ஓடிவந்து மேலே தூக்கினான்.

"சார், கரண்டா?"

"இன்னாடா கரண்டு?" என்று சாவியோடு வந்த ரேணுகாம்பாள் சீறினாள். "ஃபியூஸ் தோ என் கையில! கரண்டு எங்கேருந்து வரும், உன் ஆட்டோலேருந்தா?"

"கரண்டா இருந்தா நெஞ்ச அமுக்கணும்னு சொல்வாங்கம்மா, அதான்..."

"வலிப்புக்கு நெஞ்ச அமுக்கினா ஆளே போயிடும்" என்றான் முருகவேல். அவன் சொன்னது படித்தவனின் குரலில், உறுதியாக, ஐயத்துக்கு இடமின்றி வந்தது. பாலாஜி கையை எடுத்துவிட்டான். இரும்புச் சாவியைப் பாஞ்சாலையின் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு, மூவரும் வலிப்புத் தெளியட்டும் என்று காத்திருந்தார்கள். பத்து நிமிடம் காத்திருந்தார்கள். மூவரில் ஒருவனுக்கு மட்டும், தெளிவதற்கு அங்கே வலிப்பே இல்லை என்பது தெரியும்.

ஆட்டோ செங்கம் சாலைக்கு வந்தபோது பௌர்ணமிக்காகத் தடுப்புக் கழிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த ஒரு சிறு கிளினிக்கில் மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்தார். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"முடிஞ்சுடுச்சு. என்ன ஆச்சு? தொட்டியிலன்னா கரண்ட் அடிச்சுதா?"

ரேணுகாம்பாள் முந்தானையை விரித்தாள். மோட்டார் ஃபியூஸை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. "ஃபியூஸ் இதோ என்கிட்ட இருக்குங்க டாக்டர். அவ எறங்கறதுக்கு முந்தியே புடுங்கிட்டேன். சாமி சத்தியமா."

அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். வெளியே வந்ததும் ரேணுகாம்பாள் முருகவேலின் கையைப் பற்றினாள். தினமும் அவன் வீட்டு மின்சாரத்தைப் பிடுங்கிய கை அது.

"அங்க கொண்டுபோனா அறுப்பாங்க தம்பி. போலீசு வரும். அந்த அணில் கடிச்ச ஒயர வேற பாப்பாங்க. நீ படிச்சவன், எதாவது சொல்லேன்."

இவ்வாறாக, இதுவரை ஒருவர் மின்சாரத்தைப் பிடுங்கவும் மற்றவர் திருடவுமாக இருந்த இருவரும் ஒரே பக்கத்துக்கு வந்துசேர்ந்தார்கள்.

பாஞ்சாலையின் கணவர் தசரதன் மாட்டுத்தீவனக் கடையில் மூட்டை தூக்குபவர். தலையில் தவிட்டுத் தூளோடு ஓடிவந்தவரிடம் முருகவேல்தான் செய்தியைச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் உடம்பை முழுசாகத் தரமாட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். தசரதன் மனைவியை வீட்டுக்கே கொண்டுபோனார்.

மதியம் அவர் மட்டும் திரும்பிவந்து கொல்லைக் கதவருகே நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சிக்காதீங்க."

"கேளுங்க."

"குளிப்பாட்டறப்ப பாத்தாங்க. சோத்தாங்கையில கோடு கிழிச்ச மாதிரி கருகிக் கீது. வலிப்பு வந்தா கையி கருகுமா சார்? எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க."

முருகவேலுக்குப் பின்னால், கதவின் மறைவில், கீதாஞ்சலி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மூச்சை இழுக்கும் ஓசை அவனுக்குக் கேட்டது.

"பிளீச்சிங் பவுடர் போட்டுத்தானே தொட்டி கழுவினாங்க" என்றான் அவன். "வெறுங்கையில அள்ளினா அப்படித்தான் கருகும்."

தசரதன் தலையசைத்தார். "ஆமா சார். கையொற வாங்கிக்கன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன். கேக்க மாட்டா" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மனைவியின் சாவில் அவளுக்கே ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து, மாலையில் ரேணுகாம்பாள் நடையில் நாற்காலி போட்டு முருகவேலை உட்காரவைத்து, ஒரு முழுத்தாளைக் கொடுத்தாள். தசரதன் எழுதிக் கொடுப்பதுபோல அவன் எழுதினான். தன் மனைவி பாஞ்சாலை என்பாருக்கு நெடுநாளாக வலிப்பு நோய் இருந்துவந்தது என்றும், அந்நோயினாலேயே அவர் இறந்துபோனார் என்றும், இதில் எவர்மீதும் தமக்கு ஐயமோ வருத்தமோ இல்லை என்றும், இதை முழு மனத்துடன் எழுதிக் கொடுப்பதாகவும் அதில் இருந்தது. அலுவலகத்தில் அவன் எழுதும் குறிப்புகளில் மேலாளர் சிவப்பு மையால் திருத்தாத பக்கமே இராது. இந்தத் தாளில் ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. தசரதனுக்குப் படித்துக் காட்டினான்.

"நெடுநாளான்னு போட்டிருக்கீங்க சார். அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லயே."

"அப்படிப் போட்டாத்தான் உங்களுக்கு நல்லது. இல்லன்னா நாளைக்குப் பொணத்தத் தோண்டிப் பாப்பாங்க."

தசரதன் இடக்கைப் பெருவிரலை மையில் ஒற்றி நீட்டினார். முருகவேல் அந்த விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் பதிய வைத்தான். ரேணுகாம்பாள் தாளை மடித்துப் பூசை மாடத்தில், குங்குமக் கிண்ணத்துக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவே வைத்தாள். அங்கிருந்த பின்கட்டு ஃபியூஸுக்கான வெற்றிடத்தில் அது சரியாகப் பொருந்தியது. அதற்கு மறுநாளிலிருந்து அந்தக் கட்டை அங்கே வரவில்லை.

"இனிமே நான் புடுங்கல தம்பி" என்றாள் அவள். "உன் கரண்டு, நீயே பாத்துக்க. குழந்தைக்கு நல்லா ஃபேன் போடு."

குழந்தையின் கொப்புளங்கள் இரண்டு வாரத்தில் ஆறின.

ஜூன் முப்பது முருகவேலைத் தொடாமல் கடந்துபோயிற்று. ஜூலைக் கடைசியில் தகுதிகாண் பருவத்தை நிறைவாக முடித்ததற்கான ஆணை வந்தது. அலுவலகத்தில் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தான். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கீதாஞ்சலி அதைப் பிரிக்காமலே எறும்பு மொய்க்க விட்டுவிட்டாள். சித்திரைக்குப் பின் அவள் அவனோடு பேசியவை, அரிசி, பால், குழந்தையின் தடுப்பூசி ஆகியவற்றைப் பற்றியே. தன் வாயைப் பொத்திய அவன் கை, சாப்பாட்டுத் தட்டை வாங்க நீளும்போதெல்லாம், அவள் தட்டைத் தரையில் வைத்து நகர்த்தினாள்.

வைகாசியிலும் ஆனியிலும் தொட்டி கழுவப்படவில்லை. ஆடிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில், பாஞ்சாலையின் மகள் வேதா வந்துநின்றாள். பத்தொன்பது வயது. தாய் பார்த்த நான்கு வீட்டு வேலையும் இப்போது அவளுடையது.

முருகவேல் கொல்லையில் கண்ணாடியை மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தான். வேதா தொட்டியின் மூடியை நகர்த்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"சார், இங்க சுவத்துல ஓட்ட கீதே. இன்னாத்துக்கு?"

கத்தி அவன் தாடையில் நின்றது. "எலி" என்றான்.

"எலின்னா குழந்த இருக்கற வூட்டுக்குள்ள பூந்துடுமே" என்று அவள் கடிந்துகொண்டாள். தொட்டியோரம் பழைய சிமெண்டு கொஞ்சம் கிடந்தது. அதைத் தண்ணீர்விட்டுக் குழைத்து, துளைக்குள் விரலால் அழுத்தி, மேலே கையால் வழித்துவிட்டாள்.

"அவங்கம்மா மாதிரியே பொறுப்பு" என்றாள் ரேணுகாம்பாள்.

சுவருக்கு இந்தப் புறம், அந்தத் துளைவழியே காலை வெயில் ஒரு பொட்டுப்போலச் சமையலறைத் தரையில் விழுவது வழக்கம். ஏழு மாதக் குழந்தை சினேகா தவழ்ந்துபோய் அதைப் பிடிக்கப் பார்க்கும். அன்றும் பிடிக்கக் கை நீட்டியது, பொட்டு மறைந்துவிட்டது. குழந்தை வெறுந்தரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தாயை நிமிர்ந்து பார்த்தது.

அடைத்த சுவரைத் தாண்டிப் பேச்சு மங்கலாகக் கேட்டது.

"எம்மா, ஃபீஸு?"

"தோ, என் கையில இருக்குடி. எறங்கு."

கீதாஞ்சலி எழுந்து நடைக்குப் போனாள். பலகையிலிருந்த இரண்டாவது கட்டையைப் பிடுங்கினாள். பின்கட்டில் மின்விசிறி மெதுவாகி நின்றது. கட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, தொட்டியைத் தேய்க்கும் ஓசையை அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

பாதி மழித்த முகத்தோடு முருகவேல் வந்தான்.

"எதுக்கு இதப் புடுங்கின?"

அவள் கட்டையை இன்னும் இறுக அணைத்துக்கொண்டாள்.

"கம்பிதான் இல்லயே இப்ப. அந்தம்மா பாத்தா என்ன நெனைப்பாங்க?" அவன் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாத கீதா. ஆர்டர் வந்தாச்சு. இனிமே நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாது."

அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்டையை எடுத்தான். சோப்பு நுரை படிந்த கையால் அதைப் பலகையில் செருகினான். உள்ளே மின்விசிறி மறுபடி சுழலத் தொடங்கியது. அவன் கொல்லைக்குத் திரும்பி, கண்ணாடி முன் நின்று, மீதியிருந்த கன்னத்தை மழித்தான். அவன் காலடியில், ஆளுயர ஆழத்தில், பாஞ்சாலையின் மகள் இரும்புக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.